கையில் எவ்வளவு இருந்தது?

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே முடித்துக்கொள்ளும் காரியம் ஒன்று உண்டு. அப்பா அம்மாவை அப்புறப்படுத்துவது. ரோல்ட் டால் 1961-இல் எழுதிய ‘ஜேம்ஸ் அண்ட் த ஜெயண்ட் பீச்’ கதையில் இதற்கென்று ஒரு காண்டாமிருகத்தையே ஏவிவிட்டார். லண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பித்து வந்த அது பட்டப்பகலில் ஜேம்ஸின் பெற்றோரைத் தின்றுவிடும். காண்டாமிருகம் தழை தின்னும் பிராணியாயிற்றே என்று கேட்கிற வயது வருவதற்குள் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். மற்ற எழுத்தாளர்களுக்கு இவ்வளவு கற்பனை இல்லை. காய்ச்சல், கப்பல் விபத்து, போர் என்று கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அம்மா வீட்டில் இருந்தால் எந்தப் பிள்ளை ராத்திரியில் காட்டுக்குள் நடக்கும்?

ஒற்றைப் பிள்ளை அநாதையாகி அலைகிற கதைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மந்திரமோ பணக்கார மாமாவோ வந்து சேர்ந்துவிடும் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துபோகும். அக்கா தம்பி தங்கை என்று மூன்று நான்கு பேர் சேர்ந்து நடுத்தெருவில் விடப்படுகிற கதை வேறு ரகம். தனியாள் பட்டினி கிடந்துகொண்டே சாகசம் பண்ணலாம். நான்கு பேர் என்றால் முதலில் ரொட்டி வேண்டும், அதை எத்தனையாக வெட்டுவது என்று முடிவாக வேண்டும், கடைக்குட்டிக்குப் பெரிய துண்டா என்று சண்டை வந்தாக வேண்டும். அந்த வகைப் புத்தகங்களைக் கணக்குப் பிள்ளை பேரேடு பார்ப்பதுபோல் படிப்பது என் வழக்கம். என்ன வாங்கினார்கள், என்ன விலை, மிச்சம் எவ்வளவு, யார் கையில் இருந்தது. இதைச் சொல்லாமல் நழுவுகிற ஆசிரியரை நான் நம்புவதில்லை.

அப்படிப் பார்த்தால், நான் படித்தவற்றில் நேர்மையான பேரேடு அமெரிக்காவின் சிந்தியா வாய்ட் 1981-இல் எழுதிய ‘ஹோம்கமிங்’. டைசி டில்லர்மேனுக்கு வயது 13. அவளுக்குக் கீழே ஜேம்ஸுக்கு 10, மேபெத்துக்கு 9, சாமிக்கு 6. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கடலோர பிராவின்ஸ்டவுனில் இருந்த வீட்டிலிருந்து அம்மா இவர்களைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, கனெக்டிகட்டில் ஓர் அத்தை இருக்கிறாள் என்று கிளம்புகிறாள். வழியில் ஒரு கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி, டைசி சொன்னபடி கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான், திரும்பி வரவே இல்லை. காண்டாமிருகம் கிடையாது, புயல் கிடையாது. ஒரு பெண்பிள்ளை நடந்து போய்க் கூட்டத்தில் கலந்துவிடுகிறாள்.

ஒருநாள் கடைக்குப் போனபோது நிறுத்தியிருந்த காருக்குள் பிள்ளைகள் காத்திருந்ததைப் பார்த்ததாகவும், அவர்களை அழைத்துப்போக யாருமே வராவிட்டால் என்ன ஆகும் என்று தனக்குத் தோன்றியதாகவும், கதை அதிலிருந்துதான் பிறந்தது என்றும் வாய்ட் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் அம்மா நாலு சாமானை வாங்கிக்கொண்டு வந்து காரை எடுத்திருப்பாள். தன் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி ஒருத்தி நாவல் எழுதப் போகிறாள் என்பது அந்தப் புண்ணியவதிக்கு எங்கே தெரியும்?

இந்தக் கதையை என் அத்தைக்குச் சொன்னேன். அப்பாவின் அக்கா. மானாமதுரையில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் கடைசிவரைக்கும் தனியாக இருந்தவள். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் சாயங்காலம் அவள் கீரை ஆய உட்கார்ந்தால் நான் எதிரே உட்கார்ந்து, அப்போது படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைத் தமிழில் சொல்லுவேன். சினிமாக் கதையைவிட இவை மேல் என்பது அவள் கட்சி. பாட்டுக்காக நடுவில் நிறுத்த மாட்டேன் என்பது ஒரு காரணம்.

கார் நிறுத்துமிடம் வரைக்கும் சொல்லிவிட்டு, அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்பாள் என எதிர்பார்த்து நிறுத்தினேன். அத்தை கீரைக்கட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “அந்தப் புள்ள கையில எவ்வளவு இருந்துச்சு?”

கேட்ட குரலில் பரிதாபம் இல்லை, தொழில் தெரிந்தவள் விசாரிப்பதுபோல் இருந்தது. சில டாலர்தான், சில்லறையோடு சேர்த்து, என்றேன். “எத்தன நாளைக்குக் காணும்?” நாலு பேருக்கு இரண்டு மூன்று நாள் காணலாம் என்றேன். “பஸ்ஸுல போயிருக்க மாட்டாளே.” போகவில்லை, நடந்தார்கள் என்றேன். “நடக்கணும். பஸ்ஸுக்குக் குடுத்தா சோத்துக்கு?” என்று சொல்லி அடுத்த கட்டை எடுத்தாள். ஓடிப்போன அம்மாவைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தையின் தாயார் ஐந்தாவது பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். தகப்பனார் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், முதலில் பணமும் கடிதமும் வந்தன, பிறகு கடிதம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. மூத்தவளான அத்தைக்கு அப்போது பதினோரு வயது. ஐந்து பேரையும் தாய்மாமன் வந்து அழைத்துப் போனார். மாமன் நல்லவர், வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. அரிசிப் பானை மாமன் பெண்டாட்டி கையில். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதற்கு மேல் அத்தை சொன்னதில்லை. ஆனால் அவள் கை சொல்லும். அப்பளத்தை ஐந்தாக உடைப்பாள், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. கடலை மிட்டாயைக் கதவிடுக்கில் வைத்து உடைத்து ஐந்து குவியலாக வைத்துவிட்டு, அப்புறம்தான் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பார்ப்பாள். கூடப்பிறந்தவர்களில் இருவர் காலமாகி, மற்றவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தபோதும், வாழைப்பழம் வாங்கினால் ஐந்துதான். கடைக்காரர் ஆறாவதைக் கொசுறாகப் போட்டால் அதை அங்கேயே உரித்துத் தின்றுவிட்டு வருவாள்.

அவளுக்கு டைசியின் வரவு செலவு வரிக்கு வரி பிடித்துப்போனது. முதல் ராத்திரி கடைவளாகக் காவலாளி வந்து விசாரித்தபோது டைசி சொன்ன பொய், மலிவான ரொட்டியும் பாலும் நிலக்கடலை வெண்ணெயுமாக ஓட்டியது, கடற்கரையில் சிப்பி தோண்டியதும் மீன் பிடித்ததும் எல்லாம் கேட்டாள். கடைக்குட்டி சாமி இன்னொருவர் சாப்பாட்டைத் திருடிக்கொண்டு வந்த இடம் வந்தது. “அடிச்சாளா?” என்றாள். பிறகு தானே, “அடிக்கவும் முடியாது, விடவும் முடியாது” என்றாள். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய இடம் அது.

அடுத்த விடுமுறையில் அவளுக்கு ‘பாக்ஸ்கார் சில்ட்ரன்’ சொல்லிப் பார்த்தேன். இது அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிற புத்தகம். எழுதியவர் கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர், கனெக்டிகட்டில் பட்னம் என்ற சிற்றூரில் 1918 முதல் 1950 வரை முதல் வகுப்பு டீச்சர். பிறந்த வீடு ரயில் நிலையத்துக்கு எதிரே. நின்றிருந்த ரயிலின் கடைசிப் பெட்டிக்குள் ஒரு சின்ன அடுப்பும் மேஜையும் கோப்பைகளும் இருந்ததைச் சிறுவயதில் எட்டிப் பார்த்தவர், அதிலேயே குடித்தனம் பண்ணினால் எப்படியிருக்கும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஆசை 1924-இல் புத்தகமானது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் தாமே படிக்கும்படி சுமார் 600 வெவ்வேறு சொற்களுக்குள் அடக்கி 1942-இல் திருப்பி எழுதினார். இன்றைக்குக் கடையில் கிடைப்பது அந்தச் சுருக்கிய வடிவம்தான்.

தாயும் தகப்பனும் இல்லாத ஹென்றி, ஜெஸ்ஸி, வயலட், பென்னி நால்வரும் கொடுமைக்காரர் என்று கேள்விப்பட்டிருக்கிற தாத்தாவுக்குப் பயந்து ஓடுகிறார்கள். ஒரு ரொட்டிக் கடையில் ராத்தங்குகிறார்கள். பெரியவர்கள் மூவரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், சின்னவனை அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்று கடைக்காரர் மனைவி பேசுவது காதில் விழுகிறது. அன்றைக்கே நால்வரும் கம்பி நீட்டுகிறார்கள். காட்டுக்குள் கைவிடப்பட்ட சரக்குப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. பால் கெடாமலிருக்க அருவிக்குப் பின்னால் பாறைப் பொந்தில் வைக்கிறார்கள். குப்பை மேட்டில் விரிசல் விட்ட கோப்பைகள் பொறுக்குகிறார்கள், பென்னிக்கு ஓர் இளஞ்சிவப்புக் கோப்பை அகப்படுகிறது. ஹென்றி ஊருக்குள் ஒரு டாக்டர் வீட்டில் புல் வெட்டுகிறான், காய்கறித் தோட்டத்தில் களைந்து எறிகிற பிஞ்சு கேரட்டுகளைக் கேட்டு வாங்கி வருகிறான், ஜெஸ்ஸி அதில் குழம்பு வைக்கிறாள். எனக்கு இந்த இடமெல்லாம் வெல்லம். மானாமதுரையில் கூட்ஸ் பெட்டிகள் மாதக்கணக்கில் நிற்கும். சின்ன வயதில் அவற்றுக்குள் ஏறி, எங்கே அடுப்பு, எங்கே படுக்கை என்று நானும் இடம் குறித்திருக்கிறேன். வெயிலில் அந்த இரும்பு எப்படிக் காயும் என்பதைக் கனெக்டிகட்காரர் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெரியவர்களின் கட்டுப்பாடு இல்லாமல் இந்தப் பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது சரியில்லை என்று சில நூலகர்கள் அந்தக் காலத்தில் ஆட்சேபித்தார்கள். பிள்ளைகளுக்கு அதனால்தான் புத்தகம் பிடிக்கிறது என்று வார்னரே சொல்லிக்கொண்டார். அத்தையின் ஆட்சேபணை வேறு. தாத்தா கடைசியில் நல்லவராகவும் ஊரிலேயே பெரிய பணக்காரராகவும் முடிந்து, பேரப்பிள்ளைகளை மாளிகைக்குக் கூட்டிப்போய், அவர்கள் ஆசைப்பட்டார்கள் என்று அந்த ரயில் பெட்டியையும் தோட்டத்தில் கொண்டுவந்து வைக்கிறார் என்றேன். அத்தை சிரித்தாள். “பணக்காரன் வீட்டுப் புள்ளைங்க சும்மா கூட்டாஞ்சோறு ஆக்கியிருக்குதுங்க” என்றாள். 1924-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தத் தாத்தாவுக்கு வேறு குடும்பப் பெயர், எஃகுத் தொழிலதிபர். பெயர் மாறினாலும் பணம் குறையவில்லை.

ஆனால் அந்த ரொட்டிக் கடைக்காரியை லேசாக நினைக்கக் கூடாது. கடைக்குட்டியைப் பிரித்து அனுப்பிவிடலாம் என்ற அந்தப் பேச்சு அப்போது அமெரிக்காவில் கற்பனை கிடையாது. 1854 முதல் 1929 வரை, நியூயார்க் போன்ற கிழக்கு நகரங்களின் தெருக்களிலும் விடுதிகளிலும் இருந்த சுமார் 2 லட்சம் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி மேற்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். தொடங்கி வைத்தவர் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார். நடைபாதையில் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு பண்ணை வீடும் நல்ல காற்றும் கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம், அதில் கபடம் இல்லை. ரயில் ஓர் ஊரில் நிற்கும். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, மாதா கோயிலிலோ நாடக அரங்கிலோ வரிசையாக நிறுத்துவார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, வேண்டியவரை அழைத்துப் போவார்கள். நல்ல வீடு அமைந்தவர்கள் உண்டு. வேலைக்காளாக மட்டும் போனவர்களும் உண்டு. பலம் உள்ள பையனுக்கு இந்த ஊரில் ஆள் கிடைக்கும், அவன் தங்கைக்கு அடுத்த ஊரிலோ அதற்கடுத்த ஊரிலோ. கூடப்பிறந்தவர்கள் பலர் அப்படிப் பிரிந்து, ஆயுசுக்கும் ஒருவரையொருவர் பார்க்காமலே போன நினைவுகள் அமெரிக்காவில் நிறையக் கிடக்கின்றன. ரயிலுக்குள் ஏறிக்கொண்டு யாரும் எங்களை எங்கும் கொண்டுபோக வேண்டாம் என்கிற நான்கு பிள்ளைகளின் கதையை, அந்த ரயில்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது, ஆனால் நகராது. வார்னர் இதை யோசித்துத்தான் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

இன்னும் பின்னால் போனால் ஹான்சலும் கிரெட்டலும். கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதன்முதலாக அச்சிட்டபோது, பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று விறகுவெட்டியிடம் யோசனை சொல்கிறவள் பெற்ற தாய். 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளைச் சித்தியாக்கிவிட்டார்கள். பெற்றவள் அப்படிச் சொன்னாள் என்று பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டப் பெரியவர்களுக்கு வாய் கூசியிருக்கும். சித்திகள் சார்பில் அப்போது பேச யாரும் இல்லை. என் மனத்தாங்கல் தகப்பனைப் பற்றியது. இரண்டு தடவை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்த மனிதரிடமே பிள்ளைகள் சூனியக்காரியின் முத்துகளை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அவரும் வாங்கிக்கொள்கிறார். எல்லோரும் சுகமாக இருக்கிறார்களாம். அடுத்த பஞ்சம் வந்தால்?

வாய்ட் 1840-இன் திருத்தத்தைத் திரும்ப அழித்தார் என்று சொல்லலாம். டைசியின் அம்மா பெற்ற தாய்தான், அன்பானவள்தான். அந்த அன்போடுதான் விட்டுவிட்டுப் போகிறாள். வேலை போய், பணம் போய், பிள்ளைகளின் தகப்பன் எப்போதோ போய், மூளையும் தாங்கவில்லை. பாஸ்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் யாரையும் அடையாளம் தெரியாமல், வாய் பேசாமல் கிடக்கிறாள் என்று பாதிக் கதையில் தெரியவருகிறது. அவளைக் கெட்டவளாக்கியிருந்தால் பிள்ளைகளுக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். வாய்ட் அதையும் தரவில்லை.

இதைச் சொன்ன அன்றைக்கு அத்தை கீரை ஆய்வதை நிறுத்தினாள். “அது எங்கப்பனுக்கும் அப்படி ஏதாச்சும் ஆயிருக்கலாம்ல” என்றாள். பிறகு எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

மானாமதுரையிலிருந்து வடக்கே, அதே சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். தகப்பனை மூவேந்தரும் கொன்றுவிட, மலை பறிபோக, இரண்டு பெண்பிள்ளைகள் வெளியே நின்ற இடம். கூட்டிக்கொண்டு புறப்பட்டவர் கபிலர். புறநானூற்றில் 200 முதல் 202 வரையுள்ள மூன்று பாட்டும் அந்தப் பயணத்தின் பதிவுகள். முதலில் விச்சிக்கோன், அடுத்து இருங்கோவேள். இவர்கள் பாரியின் மகள்கள், நான் அவன் நண்பன், ஆகவே என் மகள்கள் என்று முறைப்படிப் பேசுகிறார் கபிலர், இருங்கோவேளின் குலத்தை 49 தலைமுறை பின்னுக்குப் போய்ப் புகழ்கிறார். கதவு திறக்கவில்லை. அடுத்த பாட்டில் சண்டை. பிறகு அந்தணர் பாதுகாப்பில் விட்டுவிட்டு வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மரபு. திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீயில் இறங்கியதாகச் சொல்கிறது. வள்ளலின் பெண்கள் என்பதால் பாட்டில் பேச்செல்லாம் குலத்தைப் பற்றியும் கொடையைப் பற்றியும்தான். என் பேரேட்டுக் கண் வேறொன்றைத் தேடும். மலையிறங்கி நடந்த அந்த நாட்களில் யார் சோறு ஆக்கினார்கள்? இரண்டு பெண்களில் மூத்தவள் யாராக இருந்தாலும், அவள் தலையில்தான் அது விழுந்திருக்கும்.

டைசிக்கும் இரண்டு வாசல்தான். முதல் வாசல் பிரிட்ஜ்போர்ட் நகரில். தேடிப்போன பெரிய அத்தை இறந்துவிட்டாள், வீட்டில் அவள் மகள் யூனிஸ் இருக்கிறாள். பார்த்ததும் உள்ளே அழைக்கிறாள், சோறு போடுகிறாள், படுக்கை தருகிறாள். கன்னியாஸ்திரீயாகப் போகவிருந்தவள் இந்தப் பிள்ளைகளுக்காக அதை விட்டுவிடவும் தயார். இப்படி எழுதினால் தேவதை. ஆனால் தான் விட்டுக்கொடுத்ததை அவள் மறக்கவும் மாட்டாள், யாரையும் மறக்கவிடவும் மாட்டாள். பிள்ளைகள் ஒவ்வொரு கவளத்துக்கும் நன்றியோடு இருக்க வேண்டும். மேபெத் வாய் திறந்து பேசாத பிள்ளை, அவளுக்குப் புத்தி மட்டு, வேறு பள்ளியில் விடலாம் என்று பேச்சு வருகிறது. சாமி முரடன், அவனையும் வேறிடம் பார்க்கலாமா என்று இன்னொரு பேச்சு. எல்லாம் மெல்லிய குரலில், நல்ல மனத்தோடு. ரொட்டிக் கடைக்காரி சொன்ன அதே வார்த்தைதான், பாதிரியாரைக் கலந்துகொண்டு சொல்லப்படுகிறது. டைசி வீட்டு வேலையெல்லாம் செய்துவிட்டு, கடைகளில் ஜன்னல் கண்ணாடி துடைத்துக் காசு சேர்த்து ஒளித்து வைக்கிறாள். எதற்கென்று அவளுக்கே முதலில் சரியாகத் தெரியாது. கையில் காசு இருப்பது நல்லது, அவ்வளவுதான்.

இரண்டாவது வாசல் மேரிலாண்டில், செசபீக் விரிகுடாவின் கரையில், நண்டு பிடிக்கிற ஊரான கிறிஸ்ஃபீல்டுக்கு வெளியே. அங்கே அம்மாவைப் பெற்ற பாட்டி இருக்கிறாள் என்பதே புதுச் செய்தி. ஊருக்குள் அவளுக்குப் பைத்தியம் என்று பெயர். மூன்று பிள்ளைகள் பெற்றவள். ஒருவன் வீட்டை விட்டுப் போனான், ஒருத்தி போனாள், கடைசி மகன் வியட்நாமில் செத்தான். அந்தச் செய்தி தொலைபேசியில் வந்ததும், அந்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தொலைபேசி அலுவலகத்தின் ஜன்னலுக்குள் எறிந்தவள். புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, யாரும் வேண்டாம் என்று நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தனியாக இருக்கிறாள்.

மற்ற மூவரையும் நிறுத்திவைத்துவிட்டு டைசி தனியாக வேவு பார்க்கப் போகிறாள். பாட்டி பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்கள். யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. பாட்டி டப்பாவிலிருந்து நூடுல்ஸ் மாதிரியான ஸ்பகெட்டியை எடுத்துச் சாப்பிடுகிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது நமக்கும் தெரிகிறது. பிறகு சொல்வது ஒன்றே: இங்கே தங்க முடியாது. ஒரு ராத்திரி, வேண்டுமானால்.

இதிலிருந்து டைசி நடத்துகிற யுத்தம்தான் இந்த முழு நாவலிலும் எனக்குப் பிடித்த பகுதி. கெஞ்சவில்லை, அழவில்லை, ரத்த பாசம் பேசவில்லை. அவள் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள். ஹனிசக்கிள் என்கிற பூக்கொடி, பார்க்க அழகு, விட்டால் வேலி, மரம் எல்லாவற்றையும் நெரித்துவிடும். வருடக்கணக்கில் யாரும் வெட்டவில்லை. நாங்கள் கொஞ்சம் பிடுங்கிவிட்டுப் போகிறோமே என்கிறாள். ஒரு நாளில் முடியாது. மறுநாள் பாதி வேலையாக நிற்கிறது. பாதி வேலையை விட்டுவிட்டுப் போகச் சொல்ல எந்தக் கிழவிக்கு மனம் வரும்? அது முடிகிறபோது இன்னொன்று கண்ணில் படுகிறது. ஆறு வயதுச் சாமி பாட்டியோடு நேருக்கு நேர் சண்டை போடுகிறான், பாட்டிக்கு அது பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒவ்வொரு நாளும் முடியாது என்கிறாள், ஒவ்வொரு நாளும் நான்கு தட்டு அதிகமாக வைக்கிறாள். அவள் மறுப்பதற்குக் காரணமும் கணக்குத்தான். நான்கு வாய், நான்கு ஜோடி செருப்பு, பள்ளிக்கூடம், கையில் பணம் இல்லை. அதற்கடியில் இன்னொரு பாக்கி, மூன்று பிள்ளைகளை வளர்த்து மூன்றையும் இழந்த பாக்கி. பிள்ளைகளைப் பிடிக்காதவள் இவ்வளவு நாள் யோசித்து மறுக்க மாட்டாள்.

அத்தைக்கு யூனிஸைப் பிடிக்கவில்லை, நான் எவ்வளவோ அவளுக்காகப் பேசிப் பார்த்தேன். “வாங்க கண்ணுங்களான்னு வாசல்லயே சொன்னவளுக்கு ஆயுசுக்கும் தலையாட்டணும். இந்தக் கிழவி முடியாதுங்குறா பாரு, அவகிட்ட மூச்சு விடலாம்” என்றாள். உங்கள் மாமன் பெண்டாட்டி எந்த ரகம் என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவளே சொன்னாள், கீரையைப் பார்த்துக்கொண்டு: “எங்க மாமன் பொண்டாட்டி அரிசிய அளந்துதான் போடுவா. அஞ்சு பேருக்கும் அளந்துதான் போட்டா. ஒருத்தரக் குறைக்கல.”

அடுத்த புத்தகமான ‘டைசிஸ் சாங்’ 1982-இல் வந்தது, மறு ஆண்டே நியூபெரி பரிசு வாங்கியது. வீடு கிடைத்துவிட்டது, இனி என்ன கதை இருக்க முடியும் என்று தொடங்கினால், வாய்ட் பேரேட்டை மூடவே இல்லை. சுயமரியாதையைத் தவிர வேறு சொத்து இல்லாத பாட்டி அரசாங்க உதவிப்பணத்துக்கு மனு போடுகிறாள். வாசலில் மல்லுக்கு நின்றவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் காத்திருக்கிற இடம் ‘ஹோம்கமிங்’ முழுவதையும்விடக் கனமானது. டைசி ஊர் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் பாட்டிக்கும் கொடுத்து, உடன்பிறந்தவர்களுக்கும் கைச்செலவுக்குக் கொடுக்கிறாள். மேபெத்துக்குப் படிப்பு வரவில்லை, பியானோ வருகிறது. புத்தி மட்டு என்று பிரிக்கப் பார்த்த பிள்ளை அது. தம்பி தங்கைகள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டியைப் பார்த்துக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். பொறுப்பை விட்டுவிடச் சொன்னால் எப்படி விடுவது என்று டைசிக்குத் தெரியவில்லை. அதே ஆண்டில் அம்மா பாஸ்டனில் இறந்துபோகிறாள். அவள் சாம்பலை மரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து வீட்டு முன்னாலிருக்கிற மரத்தடியில் புதைக்கிறார்கள். அத்தைக்கு அந்த இடத்தைச் சுருக்கிச் சொன்னேன்.

மொத்தம் ஏழு புத்தகங்கள். கடைசி 1989-இல் வந்த ‘செவன்டீன் அகெய்ன்ஸ்ட் த டீலர்’. டைசிக்கு 21 வயது, சொந்தமாகப் படகு கட்டும் பட்டறை போட்டிருக்கிறாள். பட்டறையில் திருட்டுப் போகிறது, பாட்டி காய்ச்சலில் விழுகிறாள். எங்கிருந்தோ வந்த ஊர்சுற்றி ஒருவன், சிஸ்கோ என்று பெயர் சொல்லிக்கொண்டு, கூடமாட வேலை செய்கிறான், நன்றாகப் பேசுகிறான். முன்பு நான்கு பிள்ளைகளை விட்டு ஓடிய தகப்பனே அவன்தானோ என்று வாசகருக்குச் சந்தேகம் தட்டும், டைசிக்குத் தட்டாது. வங்கியில் மாற்றச் சொல்லி அவனிடம் காசோலையைக் கொடுக்கிறாள். பணத்தோடு அவன் போயே போய்விடுகிறான்.

இந்த இடத்தில் ஓடிப்போன அப்பன்களைப் பற்றி அத்தை ஏதாவது சொல்வாள், நான் ஏதாவது எழுதிக்கொள்ளலாம் என்று கொஞ்சம் ஆர்வமாகவே காத்திருந்தேன். அவளுக்கு வந்த கோபம் டைசி மேல்.

“செக்க எதுக்குடா அவன் கையில குடுத்தா? பதிமூணு வயசுல இருந்த புத்தி இருபத்தொண்ணுல எங்க போச்சு?”